ஆறு நொடிக்கு ஒரு பெயர்

லோச்சோ குவெர்ராவின் குரலைக் கேட்காத காது வயேதுபாரை அடுத்த லா பாஸ் ஊரில் கிடையாது. வாரத்தில் ஐந்து நாள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் வால்வு திறந்து மூடுகிற வேலை அவருக்கு. தொட்டியடியில் நின்று அவர் ஒரு சத்தம் போட்டால் மேலத் தெருவில் வாளியை எடுத்து வைப்பார்கள். ஒலிபெருக்கி வேண்டுமா என்று ஊராட்சியில் ஒரு முறை கேட்டார்கள். எதற்கு என்று அவரே திருப்பிக் கேட்டார்.

அது அப்பா வழியில் வந்த தொண்டை. அப்பா அன்செல்மோ மாடு ஓட்டியவர். ஆற்றின் இந்தக் கரையில் நின்று அவர் கூப்பிட்டால் அந்தக் கரையில் மேய்கிற மாடு தலையைத் தூக்கும். பிள்ளைகள் ஏழு பேர். மூத்தவனுக்கும் அந்தத் தொண்டை போகவில்லை, நடுவில் பிறந்த நாலு பெண்களுக்கும் போகவில்லை, அடுத்தவனுக்கும் போகவில்லை. கடைசியில் பிறந்த லோச்சோவுக்கு வந்து சேர்ந்தது. பதினாறு வயதில் சேவல் சண்டைக் களத்தில் சேவலின் பெயரையும் சேவல்காரனின் பெயரையும் கூவ ஆரம்பித்தவர், இருபது வயதில் அக்கார்டியன் குழுக்களோடு மேடையேறிவிட்டார். பாடுவதற்கு அல்ல. பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு.

அந்தப் பக்கத்துப் பாட்டுக்கு அது இல்லாமல் முடியாது. பாடுகிறவர் பாடுவார், அக்கார்டியன்காரர் வாசிப்பார். பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடைவெளியில், "உருமித்தாவின் மாட்டு டாக்டர் சௌல் பத்தீனோவுக்கு!" என்று ஒருவர் முழங்க வேண்டும். அப்படி ஒரு பாட்டில் பெயர் பதிவாகிவிட்டால் அந்த வீட்டில் ஞானஸ்நானம் வைத்தது மாதிரி ஆடு அடிப்பார்கள். பதிவாகாமல் போனால், ஏன் போயிற்று என்று சாகும்வரைக்கும் கேட்பார்கள். நாற்பது வருஷமாக லோச்சோவின் காதில் விழுந்துகொண்டிருந்தது இந்தக் கேள்விதான்.

ஆனால் அவர் வாழ்க்கையைக் கெடுத்தது விட்டுப்போன பெயர் இல்லை. சொன்ன பெயர்.

லோச்சோவுக்குப் பெரியப்பா மகன் ஹோர்ஹே லூயிஸ். அவருடைய ஒரே பெண் யாரெலிஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் முதல் ஆல்பம் போட்டாள். பாதி பாப், பாதி அக்கார்டியன். இரண்டாவது பாட்டு எப்படியோ பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மெக்சிகோவில் பாடினார்கள், ஸ்பெயினில் ஆடினார்கள். அந்தப் பாட்டின் நடுவில் வயேதுபாரின் பல் டாக்டருக்கு ஒரு கூப்பாடு இருந்தது. டாக்டர் பெயரைச் சொன்னால் கூடவே அவர் மனைவி பெயரையும் சொல்வதுதான் மரியாதை. லோச்சோவும் மரியாதை தெரிந்தவராக, "வயேதுபாரின் பூவே, மரித்ஸா ஒவாயே!" என்று நீட்டி முழக்கிவிட்டார்.

அந்த மரித்ஸாவின் ஜன்னலுக்குக் கீழேதான் லோச்சோ இருபது வயதில் எட்டு மாதம் நின்று கூவியிருந்தார். மரித்ஸா பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு போன பிறகுதான் தெல்பினா கீரோஸைக் கல்யாணம் செய்தார். ஒலிவாங்கி முன்னால் நின்றபோது இந்தப் பழைய கதை எதுவும் தன் நினைவிலேயே இல்லை என்று லோச்சோ எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வார். தெல்பினா நம்பாதது அதைத்தான்.

பாட்டு ஓடாமல் போயிருந்தால் ஒரு வாரச் சண்டையோடு முடிந்திருக்கும். ஓடியது. பேருந்தில் ஓடியது, கோழி வறுக்கிற கடையில் ஓடியது, எரிவாயு உருளை விற்கிற வண்டியில் ஓடியது. தெல்பினா துணி காயப்போடக் கொல்லைக்குப் போனால், பக்கத்து வீட்டு வானொலியிலிருந்து அவள் புருஷன் சொந்தக் குரலில் இன்னொருத்தியைப் பூவே என்பான். முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவளைக் கத்தரிக்காயே என்றுகூட அவர் கூப்பிட்டது இல்லை.

அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். சமையலை நிறுத்தவில்லை, துவைப்பதை நிறுத்தவில்லை. இரண்டு பெண்களையும் பர்ரங்கியாவில் கட்டிக்கொடுத்துவிட்டதால் வீட்டில் நடுவில் ஆள் கிடையாது. அதனால் அலமாரி மேல் இருக்கும் அந்தோணியார் சிலையிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

"அந்தோணியாரே, அரேப்பா ரொட்டி ஆறுது. திங்கறவங்க திங்கலாம்னு சொல்லும்."

லோச்சோவும் வேறு வழியில்லாமல் அந்தோணியாரிடமே பதில் சொல்லிப் பழகினார். "உப்பு கொஞ்சம் கம்மின்னு சொல்லும் சாமி."

"தொண்டை பெருசா இருக்கறவங்களுக்கு நாக்கு மட்டும் எதுக்குன்னு கேளும்."

மூன்று வருஷம் இப்படியே போனது. மனிதன் எத்தனை நாளைக்குப் புனிதரை நடுவில் வைத்துக்கொண்டு சாப்பிடுவான்?

அந்த நேரத்தில்தான் யாரெலிஸ் வந்தாள். "சித்தப்பா, ரெண்டாவது ஆல்பம். வயேதுபார்லயே பதிவு பண்றோம். கூப்பாடெல்லாம் நீங்கதான்."

லோச்சோ அன்றே அந்தோணியார் முன்னால் போய் நின்றார். தெல்பினா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாமி, இந்தத் தடவை வர்ற பேரு தெல்பினா கீரோஸ்னு சொல்லிடும். முழுப் பேரும். சத்தமா."

கத்தி ஒரு கணம் நின்றது. "பாக்கலாம்னு சொல்லும்" என்றாள் தெல்பினா. கத்தி மறுபடி ஓடியது. மூன்று வருஷத்தில் அவர் கேட்ட நல்ல பதில் அதுதான்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் யாரெலிஸ் ஆல்பம் போடுகிறாள் என்ற செய்தி ஊருக்குள் எப்படியோ நுழைந்துவிட்டது. முதலில் வந்தது அப்பாவின் கடைசித் தங்கை ருப்பெர்த்தா அத்தை. எண்பத்திரண்டு வயது. நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு தொட்டியடிக்கே வந்துவிட்டாள்.

"போன தடவை என்ன விட்டுட்ட. பல்லு புடுங்கறவன் பொண்டாட்டியக் கூப்புட்ட, உன்னத் தோள்ல தூக்கினவளக் கூப்புடல. நான் செத்தப்புறம் கல்லறைல வந்து கூவலாம்னு இருக்கியா?"

"இல்லத்த, இந்தத் தடவை கண்டிப்பா."

"கண்டிப்பான்னா எத்தனாவது பாட்டுல?"

அத்தைக்கு வாக்குக் கொடுத்தது தெரிந்ததும் அத்தையின் சம்பந்தி வந்தார். சம்பந்தி வந்தது தெரிந்ததும் அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வந்தார். தூரத்து உறவில் உருமித்தாவிலிருந்து மூன்று பேர் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். லோச்சோவுக்கு முடியாது என்று சொல்ல வராது. மாடு கூப்பிடுகிற தொண்டைக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் பழக்கமில்லை. வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்தார். பதினோரு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தெல்பினாவோடு பன்னிரண்டு.

பதிவுக்கூடம் வயேதுபாரில் ஒரு பெரிய மாமரத்துக்குப் பின்னால் இருந்த வீடு. சுவரெல்லாம் மெத்தை. பதிவு செய்யும்போது குளிர்சாதனம் இரைகிறது என்று அதை நிறுத்திவிடுவார்கள். பகல் பதினொரு மணிக்கு உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் அவித்த வாழைக்காய்தான். ஆல்பத்தைத் தயாரிக்க மெதெயீனிலிருந்து ரெஸ்த்ரெப்போ என்று ஒருவர் வந்திருந்தார். மெலிந்த ஆள், பெயருக்கு முன்னால் தொன் சேர்க்கிற மரியாதையான பேச்சு.

"தொன் லோச்சோ, உங்க குரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா இந்த ஆல்பத்துல கூப்பாடு கிடையாது."

"எந்தப் பாட்டுல கிடையாது?"

"எந்தப் பாட்டுலயும். இது பாப் ஆல்பம். சிலி நாட்டுல ஒரு பொண்ணு காதல் தோல்வில இந்தப் பாட்டைக் கேட்டு அழுதுகிட்டிருக்கா. நடுவுல ஒருத்தர் வந்து மாட்டு டாக்டருக்குன்னு கத்தினா அவ என்ன பண்ணுவா?"

"அவளுக்கும் ஒரு மாட்டு டாக்டரத் தெரிஞ்சுட்டுப் போகட்டுமே."

ரெஸ்த்ரெப்போ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வந்த நாட்களில் அவர் அதை நிறைய முறை கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

யாரெலிஸின் நிலைமை அதைவிட மோசம். முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டு ஓடியதால், இரண்டாவதில் அதே மாதிரி வேண்டும் என்று கம்பெனி தினமும் தொலைபேசியில் சொல்லும். அதே மாதிரி இருந்தால் பத்திரிகைக்காரர்கள் சிரிப்பார்கள் என்று அதே தொலைபேசியில் மறுநாள் சொல்லும். ஒரு பல்லவியை நாற்பத்துமூன்று தடவை பாடினாள். கடைசியில் ரெஸ்த்ரெப்போ, இரண்டாவது தடவை பாடியதுதான் நன்றாக இருந்தது என்றார். அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டு, மாமரத்தடியில் போய் நின்று, யாருக்கும் புரியாதபடி ஒரு நீளமான வசவு வைதுவிட்டுத் திரும்பி வந்து நாற்பத்துநாலாவது தடவை பாடினாள்.

கூப்பாடு கிடையாது என்ற சேதி லா பாஸுக்கு எட்டியதும் சொந்தக்காரர்கள் கிளம்பி வந்தார்கள். சண்டை போட இல்லை. அப்படி வந்திருந்தால் ரெஸ்த்ரெப்போவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாப்பாடு கொண்டு வந்தார்கள். ருப்பெர்த்தா அத்தை ஆட்டுக்கறிக் குழம்பை ஆளுயரப் பானையில் ஏற்றிக்கொண்டு வந்து, பதிவு செய்கிற அறையின் சோபாவில் உட்கார்ந்தாள். சம்பந்தி வந்து இந்த ஓரம் உட்கார்ந்தார். அவர் தம்பி வந்து அந்த ஓரம் உட்கார்ந்தார். பாட்டு ஓடும்போது பேசக்கூடாது என்றதற்கு மூவரும் பேசவே இல்லை. ரெஸ்த்ரெப்போவின் முதுகையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒன்பது நாள்.

"அவங்க எதுக்கு என்னையே பாக்கறாங்க?" என்று யாரெலிஸிடம் கேட்டார்.

"நீங்க சரின்னு சொல்றதுக்குக் காத்திருக்காங்க."

"சொல்லலன்னா?"

"அத்தைப்பாட்டிக்கு வேற வேலை கிடையாது சார். பத்தாவது நாளும் வருவாங்க. நாளைக்குப் பன்னிக்கறி."

பத்தாவது நாள் காலையில் ரெஸ்த்ரெப்போ லோச்சோவைக் கூப்பிட்டார். ஏழாவது பாட்டு. அக்கார்டியன் முடிந்து மத்தளம் ஆரம்பிக்கிற இடம். ஆறு நொடி. ஒரே ஒரு பெயர். அதுவும், இன்றைக்கே இந்தச் சோபா காலியானால்.

ஆறு நொடி கிடைத்த சந்தோஷம் லோச்சோவுக்கு அன்று மத்தியானம் வரைக்கும் இருந்தது. ருப்பெர்த்தா அத்தை வீட்டு முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். பதினோரு பேரும் வந்தார்கள். வாக்கு வாங்காத நாலு பேரும், வாங்கியிருக்கலாம் என்று வந்தார்கள்.

முதலில் பதினோரு பெயரையும் ஆறு நொடியில் சொல்ல முடியுமா என்று பார்த்தார்கள். சம்பந்தி கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். ஏழாவது பெயரில் லோச்சோவின் மேல்வரிசைப் பல்செட் நழுவிவிட்டது.

"அந்தப் பல்லையும் மரித்ஸா புருஷந்தான கட்டினான்" என்றார் சம்பந்தியின் தம்பி. "வேற எப்படி நிக்கும்?"

பிறகு லோச்சோவுக்கே ஒரு யோசனை வந்தது. அவருக்குப் பாட்டனைப் பெற்றவள் பெத்ரோனா உஸ்தாரிஸ். முற்றத்தில் இருந்த எல்லாரும் எப்படிச் சுற்றினாலும் அவளிடம்தான் போய் முடிவார்கள். "பெத்ரோனா உஸ்தாரிஸின் மக்களுக்கு" என்று சொல்லிவிட்டால் எல்லாரும் அடங்கிப்போவார்கள்.

"எந்தப் புருஷனோட மக்களுக்கு?" என்றாள் அத்தை.

பெத்ரோனாவுக்கு முதல் புருஷன் வழியில் மூன்று, இரண்டாவது வழியில் ஐந்து. உருமித்தாக்காரர்கள் இரண்டாவது வழி. முதல் வழிக்காரர்கள் அந்தக் கல்யாணமே நடக்கவில்லை என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறவர்கள்.

"ரெண்டு பேரோட மக்களுக்கும்தான்" என்றார் லோச்சோ.

"கோயில்ல எழுதாத கல்யாணத்தை நீ ரேடியோல எழுதப் பாக்கறியா?" என்றாள் அத்தை.

"யார் சொன்னா எழுதலன்னு? சாமியார் குடிச்சுட்டு எழுத மறந்தாரு!" என்று உருமித்தாவிலிருந்து வந்த மூவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"இதோ பாரு லோச்சோ" என்றாள் அத்தை முடிவாக, "எல்லாருக்கும்னு கூப்புட்டா யாருக்கும் இல்லன்னு அர்த்தம். ஒரு பேரு. என் பேரு. வயசுல மூத்தவ நான்."

மறுபடி கத்தல் ஆரம்பித்தது. லோச்சோ சுவரோரமாக நடந்து, ஆட்டுக்கொட்டில் வழியாக வெளியேறி வீட்டுக்கு வந்தார். தெல்பினா சாப்பாடு எடுத்து வைத்தாள். எதுவும் கேட்கவில்லை. அந்தோணியாரிடமும் கேட்கவில்லை. ஆனால் அன்று தட்டில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி கூடுதலாக இருந்தது. தெல்பினாவின் பெயரை விட்டுவிட்டு மற்ற பதினோரு பெயரையும் சொல்ல முடிந்தால் ஊர்தான் அவரைத் தோளில் தூக்கும். இந்த வீட்டில் அவர் கடைசி வரைக்கும் சிலையோடுதான் பேச வேண்டும். மென்றுகொண்டே முடிவு செய்துவிட்டார்.

மறுநாள் பதிவுக்கு முன்னால் யாரெலிஸ் அவரை வாசலிலேயே நிறுத்தினாள். "சித்தப்பா, உங்க ஆறு நொடிக்காக நான் கம்பெனிக்காரனோட கத்தி, தொண்டை கட்டி, ஒரு நாள் பதிவே போச்சு. யாரை வேணா கூப்பிடுங்க. அந்தப் பல் டாக்டர் வீட்டை மட்டும்..."

"ஏம்மா, எனக்கென்ன பைத்தியமா?"

"போன தடவையும் பைத்தியம் இல்லதான்."

உள்ளே போய் நின்றார். நாற்பது வருஷத்தில் ஊர்ப்பட்ட பெண்டாட்டிகளின் பெயரைச் சொன்ன வாய்க்கு, சொந்தப் பெண்டாட்டியின் பெயர் வரவில்லை. முதல் தடவை தண்ணீர் விட்டாச்சு என்கிற மாதிரி வந்தது. இரண்டாவது தடவை சேவல் மாதிரி வந்தது.

"கொஞ்சம் மென்மையா, தொன் லோச்சோ. இது காதல் பாட்டு" என்றார் ரெஸ்த்ரெப்போ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

மென்மையாகச் சொன்னார்.

"சாவு வீடு மாதிரி இருக்கு. கொஞ்சம் சந்தோஷமா."

சந்தோஷமாகச் சொன்னார்.

"இது யாரையோ கிண்டல் பண்ற மாதிரி கேக்குது."

பதினான்காவது தடவை. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ரெஸ்த்ரெப்போ, "கொஞ்சம் உண்மையா இருந்தா..." என்று ஆரம்பித்தார். லோச்சோவுக்கு எங்கிருந்தோ பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வருஷத்து உப்பில்லாத சோறு, அத்தை, சம்பந்தி, பெத்ரோனாவின் இரண்டு புருஷன்கள், பதினான்கு தடவை.

"தெல்பினா கீரோஸ்! இந்தா சொல்லிட்டேன்! கேக்குதா!"

மெத்தைச் சுவரெல்லாம் அதிர்ந்தது. ரெஸ்த்ரெப்போ நிமிர்ந்து, "இதுதான்" என்றார். வேண்டாம், அது பாட்டுக்குச் சொன்னது இல்லை என்று லோச்சோ எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நேரமாகிவிட்டது என்று விளக்கை அணைத்துவிட்டார்கள்.

ஆல்பம் வெளியாகிற வரைக்கும் யார் பெயர் என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஐந்து மாதம் எல்லாரும் அவருக்கு நல்ல வணக்கம் வைத்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வெளியானது. கம்பெனி பந்தயம் கட்டிய முதல் பாட்டு படுத்துவிட்டது. ஏழாவது பாட்டு பிய்த்துக்கொண்டது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எரிவாயு வண்டியில் வந்துவிட்டது. தெருவில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு, "இந்தா சொல்லிட்டேன், கேக்குதா!" என்று கத்தினார்கள். பதினோரு பேரும் லோச்சோவோடு பேச்சை நிறுத்தினார்கள். அதை அவர் எதிர்பார்த்திருந்தார். பன்னிரண்டாவது ஆள் பேச வேண்டும், அவ்வளவுதான். தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போன தெல்பினா திரும்பி வருவதற்காகச் சட்டையை மாற்றிக்கொண்டு மேசையருகே உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்த வேகத்தில் சுவரில் இடித்தது.

"ஏய்யா லோச்சோ! உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா?"

லோச்சோ சிலையைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்க என்ன பார்வை? உன்னத்தான் கேக்கறேன்! கடைல அத்தனை பொம்பளைங்களும் என்னைக் கட்டிப் புடிச்சுத் துக்கம் விசாரிக்கறாளுங்க! 'அவ யாரு தெல்பினா, எந்த ஊருக்காரி'ன்னு கேக்கறாளுங்க! பொண்டாட்டி பேரை எவன்யா பாட்டுல சொல்லுவான்? கையும் களவுமா மாட்டினவன் சொல்லுவான்! அதுவும் என்னமோ குத்தத்தை ஒத்துக்கற மாதிரி, இந்தா சொல்லிட்டேன்னு!"

"நீதான கேட்ட..."

"நான் எங்க கேட்டேன்? பாக்கலாம்னுதான சொன்னேன்! அதுவும் உன்கிட்டயா சொன்னேன்?"

அந்த நேரம் பார்த்து வாசலில் ருப்பெர்த்தா அத்தை தன் நாற்காலியோடு வந்து நின்றாள். "எங்க அவன்? எங்க அந்த வாக்குத் தவறினவன்?"

தெல்பினா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "அத்த, என் புருஷன் யார் பேரைச் சொல்றதுன்னு உங்களக் கேட்டுட்டுத்தான் வாயத் திறக்கணுமா? வெயில் தாழ்ந்தப்புறம் வாங்க, காப்பி தரேன். இப்ப நான் பேசிக்கிட்டிருக்கேன்." கதவைச் சாத்தினாள்.

திரும்பி வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். லோச்சோ ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இரு. நான் முடிக்கல. மூணு வருஷத்துக்கு முன்னால மார்ச் மாசம், முதல் தடவை அந்தப் பாட்டு பஸ்ல வந்துது. ஜன்னலோரம் நீ உக்காந்திருந்த. பாட்டு வந்ததும் காலால தாளம் போட்ட. எந்தக் கால்னுகூடச் சொல்லட்டுமா?"

ஏப்ரல் மாதத்துக்கு வருவதற்கே இருட்டிவிடும் போலிருந்தது. லோச்சோ நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எந்தக் கால்?" என்று கேட்டார்.